நக்கிப் பார்த்த மாத்திரை

பால் கம்பெனிக்கு வரும் டாங்கர் லாரிக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் நாக்கம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஜென்மங்கள் உலகத்தில் நிறைய உண்டு. நாக்கம்மா அந்த ரகம் இல்லை. வெளுத்தது எதுவானாலும் அது பால் இல்லை என்றுதான் முதலில் வைத்துக்கொள்வாள். பிறகு, மனசு வந்தால், பால் என்று ஒப்புக்கொள்வாள்.

வேலை அப்படி. டாங்கர் உள்ளே வந்து நின்றதும் ஓர் ஆள் மேலே ஏறி, மூடியைத் திறந்து, நீளக் கம்பியால் பாலைக் கலக்கி, ஒரு கரண்டி மொண்டு கொடுப்பான். அதைச் சின்னக் குடுவையில் ஊற்றி வெதுவெதுப்பாகச் சுடவைத்து நாக்கம்மா முன்னால் வைப்பார்கள். முதலில் மூக்கு, அப்புறம் ஒரு மடக்கு. கண்ணை மூடி வாய்க்குள் உருட்டி விழுங்கிவிட்டு "இறக்கு" என்பாள், இல்லாவிட்டால் "திருப்பு" என்பாள். மூன்றாவது வார்த்தை கிடையாது. கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதை மெஷின் சொல்லிவிடும். நேற்றைய பாலை இன்றைய பாலோடு கலந்ததையும், புளிப்பை மறைக்கச் சோடா உப்பு போட்டதையும், மெஷின் சூடாவதற்குள் அவள் நாக்கு சொல்லிவிடும். ஷிப்ட் மாதத்துக்கு மாதம் மாறும். மற்ற ஷிப்டில் அதே வேலை பார்க்கிறவர் பாலை வாயில் வைத்துவிட்டுத் தொட்டியில் துப்புவார். நாக்கம்மாவுக்கு அது பிடிக்காது. துப்பினால் பாதிச் சேதிதான் வரும், மீதி தொண்டையில் இருக்கிறது என்பாள். அவள் திருப்பி அனுப்பிய லாரி ஒன்றுகூட அநியாயமாகத் திரும்பியதில்லை. எதிரிகளும் ஒப்புக்கொண்ட விஷயம் அது.

கம்பெனியில் இது கெட்டிக்காரத்தனம். வீட்டில் இதற்கு வேறு பெயர். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் கட்டிய வீட்டில் தம்பியையும் தம்பி பெண்டாட்டியையும் கூட வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். குழம்பில் உப்பு சரியாக இருந்தால், "இன்னைக்கு என்ன, சரியா இருக்கு?" என்று ஒரு மாதிரியாகக் கேட்பாள். தம்பி ஊர் ஊராகப் போய் லிப்ட் மாட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். தப்பித்தான் மகராசன். எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டது தம்பி பெண்டாட்டி. மருந்துக் கடையில் கவுண்டர் வேலை அவளுக்கு. நாள் முழுக்க நோயாளிகளின் எரிச்சலைத் தின்று பழகியவள் என்பதால் அண்ணியின் எரிச்சலையும் ஒரு சிரிப்போடு விழுங்கிக்கொண்டிருந்தாள்.

நோய் வந்தது பல் ஈறு வழியாக. பல் தேய்த்துத் துப்பினால் ரத்தம். நாக்கம்மா முதலில் பிரஷ்ஷைச் சந்தேகப்பட்டாள், பிறகு பற்பசையை. கையிலும் தொடையிலும் இடிபடாமலே நீலம் பாரித்தபோது கட்டிலைச் சந்தேகப்பட்டாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய பிளேட்லெட் பதினோராயிரம் இருந்தது. லேப்காரன் புளுகுகிறான் என்று இன்னும் இரண்டு இடத்தில் பார்த்தாள். மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே கணக்கைச் சொன்னார்கள். மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டார்களோ என்றுகூட ஒரு நாள் யோசித்தாள்.

ரத்த நோய்க்கென்றே இருந்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் அணுக்களை அவளுடைய உடம்பே எதிரி என்று நினைத்து அழிக்கிறதாம். கிருமி இல்லை, யார் கொடுத்ததும் இல்லை, நாள்பட்ட நோய், முழுசாகப் போகாது, மருந்தால் அடக்கி வைக்கலாம். பக்கத்தில் நின்ற தம்பி பெண்டாட்டி, "உள்ள இருக்கற காவல்காரனும் எங்க அண்ணி மாதிரியேதான் போலிருக்கு டாக்டர்" என்றாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். நாக்கம்மா சிரிக்கவில்லை. அந்த வார்த்தையை எடுத்து மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

முதலில் கொடுத்த மருந்தில் முகம் ஊதியது, தூக்கம் போனது. அதை நிறுத்திவிட்டுப் பிளேட்லெட்டை ஊறச் செய்கிற மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் போட வேண்டும். பாலும் தயிரும் இதற்குப் பகை, கூடப் போனால் மருந்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும், மாத்திரைக்கும் அதற்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்றார்.

"அந்தக் கவலையே வேணாம். நான் பாலே குடிக்கறதில்ல. டீகூடக் கட்டன் டீதான்" என்றாள் நாக்கம்மா.

பொய் இல்லை. பாலைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை என்றாள். என்ன கம்பெனி என்று சொல்லவில்லை. சொன்னால் இந்தம்மா அங்கே போன் போட்டு, ரத்தக் கோளாறு உள்ளவளை உணவுப் பொருள் பக்கம் விடாதே என்று சொல்லிவிட்டால்? கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்கிறவள் முட்டாள் என்பது அவள் கட்சி. தம்பி பெண்டாட்டி வாயைத் திறக்கப் போனாள். நாக்கம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் கூத்து ஆரம்பித்தது. முதல் மாதம் ஒரு மாத்திரை. பிளேட்லெட் ஏறவேயில்லை. டாக்டரம்மா இரண்டாக்கினார். அடுத்த மாதம் எண்பதாயிரத்துக்கு ஏறியது, எல்லோருக்கும் சந்தோஷம். அதற்கடுத்த மாதம் இருபதாயிரத்துக்கு இறங்கியது. மூன்றாக்கினார். அந்த மூன்றில் ஒரேயடியாக ஐந்து லட்சத்தைத் தாண்டியது. இப்போது ரத்தம் வழியுமோ என்ற பயம் போய் ரத்தம் எங்கேயாவது உறைந்து அடைத்துக்கொள்ளுமோ என்ற பயம் வந்தது. மாத்திரையை நிறுத்தச் சொல்லி, பிறகு ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடி சரிந்தது. ஏற்றுவதும் இறக்குவதுமாக டாக்டரம்மாவுக்கே சலித்துவிட்டது. இப்படியே ஆடிக்கொண்டிருந்தால் ஒரு நாள் மூளைக்குள் ரத்தம் கசியும், காத்திருக்க முடியாது, அந்த அணுக்கள் அழிகிற இடமான மண்ணீரலை எடுத்துவிடுவதைப் பற்றி யோசிப்போம் என்றார்.

வயிற்றைக் கிழிப்பது என்றதும் நாக்கம்மாவுக்குச் சர்வநாடியும் ஒடுங்கிவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தாள். ஒரே மருந்து, ஒரே வயிறு. ஒரு மாதம் வேலை செய்கிறது, ஒரு மாதம் செய்யவில்லை. பாலில் இப்படி நடந்தால் என்ன அர்த்தம்? ஒரு நாள் அசல் வருகிறது, ஒரு நாள் கலப்படம் வருகிறது என்று அர்த்தம். கலப்படம் எங்கே நடக்கும்? கறக்கிற இடத்துக்கும் குடிக்கிற இடத்துக்கும் நடுவில். மாத்திரை யார் கை வழியாக வருகிறது? தம்பி பெண்டாட்டிதான் தன் கடையிலிருந்து கொண்டுவருகிறாள்.

பழைய அட்டையில் ஒரு மாத்திரை மிச்சம் இருந்தது. அதையும் புது அட்டையில் ஒன்றையும் எடுத்தாள். நிறத்தில் ஒரு மாற்றுக் குறைவு இருந்தது. மூக்கில் வைத்தாள், தெரியவில்லை. பிறகு தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். பழையதை நக்கிப் பார்த்தாள், வாயைக் கொப்பளித்தாள், புதியதை நக்கிப் பார்த்தாள். மேல்பூச்சில் தித்திப்பு ஓர் இழை கூடுதல். அவள் நாக்கு இதுவரை பொய் சொன்னதில்லை. இரண்டும் ஒன்றில்லை.

அன்றிலிருந்து வீட்டுக்குள் ஒரு போலீஸ் ஸ்டேஷன் திறந்துவிட்டது என்று வையுங்கள். தம்பி பெண்டாட்டி சிரித்தால் ஏன் சிரிக்கிறாள், சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை. போனில் மெல்லப் பேசினால் யாரிடம்? வீடு தன் பேரில் இருப்பதும், தனக்குப் பிள்ளை இல்லாததும், தனக்குப் பின்னால் அது யாருக்குப் போகும் என்பதும் அவளுக்கு ராத்திரி பகல் ஞாபகத்தில் இருந்தது. மருந்துக் கடையிலும் நிற்கிறாள், நோயாளி பக்கத்திலும் நிற்கிறாள், பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு லாரியைத் திருப்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை. சோதித்துப் பார்க்க வேண்டும். யாருக்கும் தெரியாமல் பஸ் பிடித்து ஊரின் அந்தக் கோடியில் இருந்த பெரிய கடையில் தானே போய் மாத்திரை வாங்கினாள். தம்பி பெண்டாட்டி கொடுத்ததை வாங்கி வாங்கித் தலையணை உறைக்குள் போட்டுவிட்டு, தான் வாங்கியதை ஒரு மாதம் சாப்பிட்டாள்.

அந்த மாதம் அவளுக்கு மதிய ஷிப்ட். காலையில் எழுந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சமைத்துச் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். மாதக் கடைசியில் பிளேட்லெட் தொண்ணூறாயிரம்.

நாக்கம்மா ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் இல்லை. தான் நினைத்தது பொய்யாகிவிடக் கூடாதா என்று அவளுக்கே தெரியாமல் ஒரு மூலையில் வேண்டிக்கொண்டிருந்தாள். அது நடக்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனாள். தம்பி பெண்டாட்டி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையணைக்குள் சேர்த்திருந்த மாத்திரைகளை மேடையில் கொட்டினாள் நாக்கம்மா.

"இது எங்கேருந்து வந்தது? உண்மையச் சொல்லு."

அவள் பார்த்தாள். புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எங்க கடையிலேருந்துதான் அண்ணி. பழைய கம்பெனி சரக்கு வர்றதில்ல. அதே மருந்து, வேற கம்பெனி. சொன்னா நீங்க சாப்பிட மாட்டீங்கன்னு சொல்லாம விட்டேன்."

"மறைச்சேன்னு ஒத்துக்கறே."

"கம்பெனி பேர மறைச்சேன்."

நாக்கம்மா தான் வேறு கடையில் வாங்கியதையும், அதைச் சாப்பிட்டு ஏறியதையும் சொன்னாள். லாரியைத் திருப்புகிற அதே குரலில் சொன்னாள். தம்பி பெண்டாட்டி கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இல்லை.

"நீங்க செத்தா வீடு எங்களுக்கு வரும்னு நான் மாத்திரைய மாத்தினேன். அதத்தானே சொல்ல வர்றீங்க?"

நாக்கம்மா இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"சரி அண்ணி. இனிமே உங்க மருந்த நான் தொட மாட்டேன்" என்றாள் அந்தப் பெண். கத்தவில்லை, அழவில்லை. கத்தியிருந்தால் நாக்கம்மாவுக்குத் தைரியமாக இருந்திருக்கும். தம்பி ஊரிலிருந்து வந்தான். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்து, மாதம் பிறந்ததும் போவதாகச் சொல்லிவிட்டு மறுபடி வேலைக்குப் போய்விட்டான். ஒரே வீட்டுக்குள் இரண்டு அடுப்பு எரிந்தது.

அந்த மாதம் நாக்கம்மாவுக்குக் காலை ஷிப்ட். விடியலில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மாத்திரையைப் போட்டுக்கொள்வாள். அதே பெரிய கடை, அதே அட்டை, தன் கையாலேயே வாங்கியது. ஈறு மறுபடி கசிந்தது. முழங்கையில் நீலம் வந்தது. இப்போது யாரைச் சொல்வது? ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, மருந்துக் கடைக்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்தானே, இவள் அங்கேயும் சொல்லி வைத்திருப்பாள் என்று முடிவு கட்டினாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் இந்த முறை அந்த முடிவை அவள் நாக்கே முழுசாக நம்பவில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு காலையில் குடுவையைக் குனிந்து மோந்தபோது மூக்கிலிருந்து ரத்தம் சொட்டிப் பாலில் விழுந்தது. நிற்கவில்லை. பஞ்சை அடைத்து, தலையை முன்னால் சாய்த்து உட்கார வைத்தார்கள். மேனேஜர் தம்பிக்குப் போன் போட்டார், அவன் வெளியூரில். கம்பெனியில் அவள் எழுதிக் கொடுத்த தாளில் வேறு எண் எதுவும் இல்லை. தம்பிதான் பெண்டாட்டிக்குச் சொல்லியிருக்கிறான். கடையை விட்டு ஆட்டோ பிடித்து வந்தாள் அவள், மருந்துக் கடைக் கோட்டைக்கூடக் கழற்றாமல்.

அவள் வந்து வாசலில் நின்றபோது நாக்கம்மா சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வெளியே நாலு லாரி காத்திருந்தது. மூக்கில்தானே கேடு, நாக்குக்கு என்ன வந்தது என்று பஞ்சோடு ருசி பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று மேனேஜர் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஒரு குடுவை, ஒரு மடக்கு, விழுங்கல். "இறக்கு." அடுத்த குடுவை, அடுத்த மடக்கு, விழுங்கல். தம்பி பெண்டாட்டி பார்த்தாள். மூன்றாவது குடுவையில் அவள் உள்ளே வந்து நாக்கம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, தினமும் இப்படித்தானா?"

"எப்படி?"

"பால் குடிக்கறது."

"யாரு குடிச்சா? ருசி பாக்கறேன்."

"முழுங்கினீங்களே."

"முழுங்காம என்னத்த ருசி பாக்கறது?"

அந்தப் பெண் மேனேஜர் பக்கம் திரும்பி, ஒரு ஷிப்டில் இப்படி எத்தனை என்று கேட்டாள். லாரி ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று அறை இருக்கும், அறைக்கு ஒரு மாதிரி, அதுபோகத் தொட்டி, பாக்கெட் என்று நாற்பதுக்குக் குறையாது என்றார் அவர். எங்களுக்குக் கிடைத்த வரப்பிரசாதம், ஒன்றைக்கூடத் துப்ப மாட்டார் என்று பெருமையாகவும் சொன்னார், பாவம்.

"காலை ஷிப்டுல மாத்திரை எப்பப் போடுவீங்க?"

"பஸ் ஏறும்போது."

"மதிய ஷிப்டுல?"

நாக்கம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் மூடவில்லை. எந்த மாதம் ஏறியது, எந்த மாதம் இறங்கியது என்று அவளுக்குள் ஒவ்வொன்றாக ஓடியது. தலையணை உறை, சமையலறை மேடை, கொட்டிய மாத்திரைகள், எல்லாம் ஓடியது. பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழி என்று யாரையோ சொன்னாளே, அது தன் வாய்க்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. கையிலிருந்த குடுவையை மேசையில் வைத்தாள்.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும் போலிருக்கிறது. பால் கம்பெனி என்று ஏன் சொல்லவில்லை என்று மிக மெதுவாகக் கேட்டார். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றாள் நாக்கம்மா. "உங்க வியாதிக்கு நான் மருந்து குடுக்கல. உங்க ஷிப்டுக்குக் குடுத்துக்கிட்டிருந்திருக்கேன்" என்றார் அவர். மண்ணீரல் பேச்சை எடுத்துவைத்துவிட்டு, காலை ஷிப்ட் மட்டும் வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கம்பெனிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மாத்திரை இனி ராத்திரி படுக்கும்போது. அளவை இரண்டில் நிறுத்தினார். பாலைத் துப்பவும் சொன்னார். அதற்கு மட்டும் நாக்கம்மா தலையை ஆட்டவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர்களுக்கு அந்த வார்த்தை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நாக்கம்மா தேடித் தேடிப் பார்த்துவிட்டு வேறொன்றைச் சொன்னாள்.

"இனிமே நீ உன் கையால குடுத்தாத்தான் நான் மாத்திரை சாப்பிடுவேன்."

"நான்தான் தொட மாட்டேன்னு சொல்லிட்டேனே."

"அப்ப சாப்பிடல."

"சாப்பிடாதீங்க" என்றாள் தம்பி பெண்டாட்டி. எழுந்துபோய் ஆட்டோ கூப்பிட்டாள்.

மாதம் பிறந்ததும் அவர்கள் அந்த வீட்டுக்குப் போகத்தான் போனார்கள். சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதில்லையா? வண்டியில் சாமான் ஏற்றும்போது நாக்கம்மா வாசலில் நின்று பார்த்தாள், போகாதே என்று சொல்ல உரிமை இல்லாததால் சொல்லவில்லை. அன்று பொழுதோடு சாப்பிட்டுவிட்டு, ராத்திரி மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, பிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிடிவாதமா, பயமா, அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. கடை மூடுகிற நேரம் தாண்டியதும் கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

தம்பி பெண்டாட்டி உள்ளே வந்து உட்காரவில்லை. அட்டையைப் பிரித்து இரண்டு மாத்திரையை நாக்கம்மாவின் உள்ளங்கையில் போட்டாள், தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள், விழுங்குகிறவரை நின்றாள், போய்விட்டாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். சில நாள் ஒரு வார்த்தை பேசுவாள், சில நாள் அதுவும் இல்லை. பிளேட்லெட் ஏறியது, ஏறிய இடத்தில் நின்றது.

ஒரு நாள் மாத்திரை உள்ளங்கையில் விழுந்தபோது நிறம் வேறாக இருந்தது. நாக்கம்மா பார்த்தாள், பார்க்காத மாதிரி வாயில் போட்டாள். பூச்சு கரைந்ததும் அந்த நாக்கு, சும்மா இருக்குமா, இதில் தித்திப்பு இல்லை, லேசாக ஒரு கசப்பு என்று சொல்லியது. ஒரு மடக்குத் தண்ணீரில் அதன் வாயை அடைத்தாள்.

வாசல் வரை போன தம்பி பெண்டாட்டி நின்றாள். "மறுபடி கம்பெனி மாறிடுச்சு அண்ணி."

"நான் கேட்டேனா?" என்றாள் நாக்கம்மா.

அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.